பாலுசாமியின் நாக்கு

வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் அந்தத் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடியுங்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரைச் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே தண்ணீரை நீட்டிவிடுவோம். விசாரிக்க வந்த அதிகாரி என்பதற்காக அந்த மரியாதையைக் குறைக்க முடியுமா? சரி, அவசரமில்லை. பக்கத்திலேயே இருக்கட்டும். கேட்கக் கேட்கத் தாகம் எடுக்கும்.

என் பெயர் திருமலைசாமி. இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். எங்கள் குடும்பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி இருந்தது. மண்டியில் வளர்ந்தவனுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். மூட்டையின் வாயைப் பிரித்ததும் கண்ணில் என்ன படுகிறது என்பதுதான் முதல். பெரிய கிழங்கை மேலே அடுக்குவதை ஏமாற்று என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வாங்குகிறவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் மேலே பார்த்துச் சந்தோஷப்படுகிறார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நாம் யார்?

நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் தண்ணீர்ப் பெருமை உங்களுக்குப் புதிதில்லை. கோயம்புத்தூரில் அந்தப் பெருமைக்குப் பெயர் சிறுவாணி. இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குழாய். ஒன்று உப்புத் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீர். குளிக்க, துவைக்க. இன்னொன்று நல்ல தண்ணீர். மாநகராட்சி எப்போதாவது திறந்துவிடும் சிறுவாணி. குடிக்க, சமைக்க, அப்புறம் பீற்றிக்கொள்ள. சென்னையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் பலகாரம் எடுத்துப் போகிறார்களோ இல்லையோ, கேனில் சிறுவாணி எடுத்துப் போவார்கள். அங்கே அதைக் குடித்துவிட்டு மருமகன் "ஆகா" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாத மருமகனைப் பற்றி இங்கே நல்லவிதமாகப் பேச மாட்டார்கள்.

அந்தப் பெருமைக்கு எங்கள் குடியிருப்பில் தலைவர், மூன்றாம் மாடி பாலுசாமி. நூல் மில்லை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் கவுண்டர். கல்யாண வீடுகளில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் இலையைப் பார்க்க மாட்டார். முதலில் தம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, வாயில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணை மூடுவார். பந்தியே காத்திருக்கும். "இது பில்லூருங்க" என்பார். இல்லாவிட்டால் "ஆழியாறு, ஆனா லாரியில வந்ததுங்க" என்பார். சரியா தப்பா என்று யாரும் பார்த்ததில்லை. அந்த நாக்கைச் சந்தேகிப்பது ஊரையே சந்தேகிப்பது மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன கோடையில் எங்கள் போர் காற்றைத்தான் இறைத்தது. ஆயிரம் அடிக்கும் கீழே போன போர். சுற்றிலும் உள்ள குடியிருப்புகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து ஆழமாகப் போட்டுக்கொண்டிருந்தன. ஒரே இளநீரில் இருபது பேர் ஸ்ட்ரா போட்டால் கடைசியில் சத்தம்தானே வரும்? லாரிதான் கதி என்றாயிற்று. லாரியில் வந்தது அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணற்றுத் தண்ணீர். அங்கே தென்னைக்குப் பாய வேண்டியது இங்கே கார் கழுவிக்கொண்டிருந்தது.

அதே நேரத்தில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வேளை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் கேட்கிறது என்று பில்டர் கட்டிக்கொடுத்தது. அது சுத்தம் செய்த தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. அதை இயக்குகிறவர் ராமுலு. அவருடையது ஆந்திரத் தெலுங்கு, எங்கள் வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தெலுங்கு. இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். அவர் ஒருநாள் கண்ணாடி பாட்டிலில் தன் தண்ணீரைப் பிடித்துக் காட்டி, "எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க சார். ஒருத்தர்கூட திரும்பிப் பார்த்ததில்ல" என்றார். பிள்ளை பரிசு வாங்கியும் பள்ளிக்கூடத்தில் கைதட்டாமல் விட்டால் தகப்பன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

நான் பொதுக்குழுவைக் கூட்டினேன். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் இந்தத் தண்ணீரை விடலாம், லாரியைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சொன்னேன். நியாயமான யோசனை. நீங்களே எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லியிருப்பீர்கள்.

பாலுசாமி எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஏனுங்க செயலாளரே, கெழங்கு மண்டிய மூடிப்போட்டு இப்பக் கக்கூஸ் மண்டி தொறந்திருக்கீங்களாட்ட இருக்குது. யாவாரம் எப்படி ஓடுதுங்க?"

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரமானது. பின்வரிசையில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் பாலுசாமி, பழைய போரை விட ஆழமாகப் புதிய போர் போடலாம் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அன்றிலிருந்து என் பெயர் கக்கூஸ் மண்டி. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் என் படத்தை ஒரு சாக்குமூட்டை மேல் ஒட்டி ஸ்டிக்கர் வந்தது. லிப்டில் ஒரு குழந்தை என்னைக் காட்டி அம்மாவிடம் ஏதோ சொன்னது, அம்மா அதன் வாயைப் பொத்தினாள். நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. விலையை ஒரேயடியாக ஏற்ற மாட்டோம். கேட்கிறவர் முகம் சுளிக்காத அளவுக்கு ஏற்றுவோம். சுளிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். நானும் ராமுலுவும் முதலில் கழிவறைத் தொட்டிக் குழாயை மாற்றினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. தோட்டத்துக்கு விட்டோம். செம்பருத்தி பூத்துத் தள்ளியது. பிறகு ஒரு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி, போர்த் தண்ணீரின் உப்பைக் குறைப்பதற்கு என்று சங்கத்துக்குச் சொல்லி, எஸ்.டி.பி. பக்கத்திலேயே வைத்தோம். எஸ்.டி.பி. தண்ணீரை அதில் சுத்தம் செய்து உப்புத் தண்ணீர்க் குழாய்க்கு விட்டோம். லாரியை நிறுத்தினேன். மழையில் போர் ஊறிவிட்டது என்று அறிவித்தேன். மகளிர் அணி சேர்ந்து போருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். வறண்டு கிடந்த போர் அதற்கு என்ன நினைத்ததோ தெரியாது.

கீழ்வீட்டு கீதா என்னை நிறுத்தி, "அண்ணா, லாரித் தண்ணி நின்னதுக்கப்பறம் தலைமுடி கொட்டறதே கொறஞ்சுபோச்சுங்க" என்றார். நான் மெதுவாகத் தலையாட்டினேன். ஒருவருடைய தலைமுடி விஷயத்தில் நாம் குறுக்கே பேசக் கூடாது.

புதிய போர் பேச்சு அத்தோடு அடங்கியது. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் விநாயகர் சதுர்த்தி விழாவில் பாலுசாமி மைக்கைப் பிடித்து, "பிரசாதம் எல்லாருக்கும் இருக்குதுங்க, மண்டிக்காரர் குடுக்கற தண்ணிய மட்டும் கேட்டுக் குடிங்க" என்றார். பிள்ளையாருக்கு முன்னால் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ராமாமணிகூடச் சிரித்தாள். தற்செயலாக, குடிநீர்க் குழாய் பற்றிய யோசனை எனக்கு அந்த வாரம்தான் வந்தது.

காரணம் நிலத்தடி நீர்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அல்ட்ரா வயலட் விளக்கு வைத்தேன். குளோரின் சேர்த்தோம். என் சொந்தச் செலவில் பரிசோதனைக்கும் அனுப்பினேன். தண்ணீர் பரிசோதனையில் தேறிவிட்டது. மனிதர்கள் தேறுவார்களா என்பதுதான் பாக்கி. மாநகராட்சியில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் கூடுதல் சிறுவாணி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். இனி நல்ல தண்ணீர் தினமும் வரும் என்றேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டாம் மாடி லோகப்பிரியா பெங்களூருக்கு வேலைக்குத் திரும்பும்போது கேன் கேனாகப் பிடித்துப் போனாள். அங்கே அவள் தோழிகள் இப்படி ஒரு சுவையைக் கண்டதே இல்லை என்றார்களாம்.

ஒரே ஒரு முறை சுத்திகரிப்பில் காற்று ஊதும் இயந்திரம் பழுதாகிவிட்டது. சரிசெய்வதற்குள் சில வீடுகளில் வயிறு கலங்கிவிட்டது. குழந்தைகள்தான் அதிகம். வாசலில் காளான் வறுத்து விற்கும் வண்டி போட்டிருந்த அப்புசாமியைக் கூப்பிட்டு, எண்ணெய் சரியில்லை என்று சங்கத்தின் சார்பில் கண்டித்தேன். அவர், "சாமி சத்தியமா நல்ல எண்ணெய்ங்க, என்ற புள்ளைகளுக்கும் இதைத்தானுங்க குடுக்கறேன்" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவ்வளவு ருசியான காளான் அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

நீங்கள் தம்ளரைத் தள்ளி வைக்க வேண்டாம். அது வேறு தண்ணீர். சொல்கிறேன்.

நான் என்ன குடித்தேன் என்று கேட்கத்தான் போகிறீர்கள். எனக்கு ராமுலுவின் மேல் முழு நம்பிக்கை இருந்தது. இருந்தாலும், பேரூரில் இருக்கும் மச்சான் சுந்தரராஜுலு வீட்டில் அசல் சிறுவாணி வருகிறது. அவர் நீலக் கேனில் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். செயலாளருக்கு உடம்பு முக்கியம். காலையில் எழுந்ததும் அந்தக் கேனிலிருந்து ஒரு தம்ளர் குடித்துவிட்டு, பால்கனியில் நின்று எதிர்ப்பக்கம் பாலுசாமி தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பேன். அவர் சுழற்றிச் சுழற்றிக் குடிப்பார். எனக்கு நாள் நல்லபடியாகத் தொடங்கும்.

தை பிறந்ததும் பாலுசாமி மறுபடியும் போர்ப் பேச்சை எடுத்தார். "ஆபீசர் மாறினா இந்த எக்ஸ்ட்ரா சிறுவாணி நின்னுபோகுமுங்க, அப்ப யாரு பதில் சொல்றது?" என்றார். கேள்வி நியாயமானது. போர் போடும் ரிக் வண்டிக்கும் சொல்லிவைத்துவிட்டார். அது வந்து இன்னும் ஆழமாகத் துளைத்தால் இத்தனை மாதம் நான் கஷ்டப்பட்டதற்கு அர்த்தமே இல்லை. அதனால் பொதுக்குழுவில் ஒரு பந்தயம் வைத்தேன்.

"உங்க நாக்கு மேல எல்லாருக்கும் மரியாதை இருக்குதுங்க. ரெண்டு தம்ளர் வைக்கறேன். ஒண்ணு சிறுவாணி, ஒண்ணு எஸ்.டி.பி. தண்ணி. எது சிறுவாணின்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் பதவிய விட்டுப் போறேன், நீங்க போர் போடுங்க. சொல்லலீன்னா போர் வேண்டாம், எஸ்.டி.பி. தண்ணி கக்கூசுக்கும் தோட்டத்துக்கும் வரட்டும்."

அவர் சிரித்தார். "இதுக்கு எதுக்குங்க பந்தயம்? தூங்கும்போது நாக்குல ஊத்தினாக்கூடச் சொல்லிப்போடுவேன்."

என் கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்கும். இத்தனை மாதமாக அவர் குடித்தது ராமுலுவின் தண்ணீர். பழகிய நாக்கு அதையே சிறுவாணி என்று சொல்லும். சொன்னதும் கூட்டத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

என் வீட்டு நீலக் கேனை எல்லோர் முன்னிலையிலும் நானே தூக்கி வந்து ஒரு தம்ளரில் ஊற்றினேன். ராமுலு, குழாய்க்கு விடுகிற அதே தண்ணீரை, பாட்டிலிலிருந்து இன்னொன்றில் ஊற்றினார். தம்ளர்களை மறைத்து இடம் மாற்றி வைத்தது, ஊருக்கு வந்திருந்த லோகப்பிரியா. அவள் விளையாட்டாக இரண்டிலும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குதுங்க" என்றாள். பெங்களூரில் இருந்து நாக்கு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலுசாமி முதல் தம்ளரைத் தூக்கினார். சுழற்றினார். கண்ணை மூடினார். திறந்தார். இரண்டாவதை எடுத்தார். மறுபடி முதலாவது.

"ரெண்டுமே சிறுவாணி இல்லீங்க" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பந்தயத்தின்படி அவர் தோற்றது தோற்றதுதான். மச்சானுக்கு போன் போட்டு ஒலிபெருக்கியில் விட்டேன். "ஆமா பாவா, நேத்துதான் நானே புடிச்சு அனுப்பினேன். எங்கூட்டுச் சிறுவாணிதான், சந்தேகமே இல்ல" என்றார் அவர். பாவா என்றால் எங்கள் வழக்கில் அக்கா வீட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. போன வருஷம் சிரித்ததைவிட நீளமான சிரிப்பு. யாரோ, "பந்தியில இத்தன வருஷம் நம்மள ஏமாத்திப்போட்டாரே" என்றார்கள்.

பாலுசாமி தம்ளரைக் கீழே வைத்தார். "அப்படீங்களா. அப்ப என்ற நாக்குதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனார்.

வீட்டுக்கு வந்து ராமாமணியிடம் சொன்னேன். நாங்கள் பேசுவது தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் கேனுங்க? அந்த நீலக் கேனா? அதுல இருக்கறது நம்ம கொழாய்த் தண்ணியாச்சே."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தம்பி அனுப்பறதை நான் ராசாத்தாள் அக்காவுக்குல்ல குடுத்துட்டு இருக்கேன்" என்றாள். ராசாத்தாள், பாலுசாமியின் மனைவி. "அவரு கிட்னில கல்லு எடுத்தப்ப நல்ல தண்ணியாப் பார்த்துக் குடிக்கச் சொன்னாங்களாம். கொழாய்த் தண்ணி நாக்குக்கு ஒப்பலைன்னு அவரு அதத் தொடவே இல்லையாம். பாவம்னு கேனைக் குடுத்துட்டு, காலிக் கேன்ல நம்ம கொழாய்ல புடிச்சு வெச்சிருவேன். கேன் இல்லைன்னா நீங்க சத்தம் போடுவீங்களே. கொழாய்லயே எக்ஸ்ட்ரா சிறுவாணி வருதுன்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொன்னீங்க? ரெண்டும் ஒண்ணுதான?"

"எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

"சதுர்த்தி முடிஞ்சு நீங்க பொன்னாடை வாங்கினீங்களே, அப்பத்திலிருந்து."

கீரையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். பாலுசாமி எதிர்ப்பக்கம் ஒரு தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தயம் முடிந்துவிட்டது. முடிந்த பேரத்தைத் திரும்பப் பேசுவது மண்டியில் மரியாதையில்லை. அதற்குப் பிறகு அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தட்ட முடியாமல் போன ஒரே கல்யாணத்திலும் தண்ணீரை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்தாராம். ராசாத்தாள் ராமாமணியிடம் அழுததாகக் கேள்வி. நாக்கைக் காட்ட டாக்டரிடமும் போயிருக்கிறார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நாக்கில் ஒரு குறையும் இல்லை, குடித்த தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த டாக்டர் சொன்னதால்தான் அவர் உங்களுக்கு மனு எழுதினார், நீங்களும் வந்தீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குடியிருப்பில் எல்லாக் குடும்பங்களுக்கும், அவர்களுக்குத் தெரியாமல், அவர்களுடைய கழிவுநீரையே சுத்தம் செய்து குடிக்கக் கொடுத்தது நான்தான். ராமுலு நான் சொன்னதைச் செய்தார். காளான்கார அப்புசாமியின் எண்ணெயில் குற்றமில்லை. பாலுசாமியின் நாக்கிலும் குற்றமில்லை. நோக்கம் நிலத்தடி நீர் பாதுகாப்பு. அந்தப் பட்டப்பெயரை எழுத வேண்டியதில்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர் வரவில்லை, பாருங்கள். அன்னூர்த் தென்னைகளுக்குத் தண்ணீர் பாய்கிறது. எல்லோரும் குடித்தார்கள், எல்லோரும் ருசி என்றார்கள். ஒருவரைத் தவிர. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவரைத் தவிர. யாருக்காக என்று சொன்னதை அடித்துவிடுங்கள். வாய் தவறி வந்துவிட்டது.

நானும்தானே மாதக்கணக்கில் குடித்தேன், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று உங்கள் முகம் கேட்கிறது. எனக்கு அப்போது சளி பிடித்திருந்தது. மூக்கு அடைத்திருந்தால் நாக்கு வேலை செய்யாது. மற்றபடி மண்டியில் வளர்ந்தவனை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

இப்போது அந்தத் தம்ளரைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ராமாமணிதான் கேனை எடுத்து வைத்துவிட்டு ராசாத்தாள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆனால் சந்தேகமே வேண்டாம், இது அசல் சிறுவாணி. உங்களுக்கு ஊற்றுவதற்கு முன்னால் நானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டேன்.